பொட்டு வைத்த மெஷினும் ரெண்டு கம்பெனியும்

எங்க குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில செங்கோட்டுவேலு வாயைத் தொறந்தா மூட ஒரு ஷிப்ட் ஆகும். ஸ்பிரிங் பட்டறை வெச்சிருக்கான். அந்த ஸ்பிரிங்குக்கு முலாம் பூசற பட்டறை என்னுது. அவனுக்கு ஆர்டர் வந்தாத்தான் எங்க வீட்டுல அடுப்பு எரியும். அதனால, வீடியோ கேம் பெட்டி செய்யற ஓசூர் கம்பெனியில இருந்து ஜெரால்டு சார் ஸ்பிரிங் வாங்க வந்த அன்னைக்கு, பேக்கரியில வெச்சு அவன் காதுல சொன்னேன், "மாப்ள, விலையை மட்டும் சொல்லு. கதை சொல்லாதே."

கேட்டாத்தானே.

"சார், ஜாய்ஸ்டிக் பட்டனை அமுக்கினா திரும்ப மேல வருதுங்களே, அது என் ஸ்பிரிங்னால வருதுங்க"ன்னு ஆரம்பிச்சான். "முன்னெல்லாம் கேம் பெட்டி செய்ய உலகத்துல ரெண்டே கம்பெனிதானுங்க, ரெண்டும் ஜப்பான். கருப்புப் பெட்டிக்காரன் ஒருத்தன், செவப்புப் பெட்டிக்காரன் ஒருத்தன். ரெண்டு பேருக்கும் ஆகாது. ஆனா ரெண்டு பேருக்கும் ஸ்பிரிங் நான்தானுங்க."

"ரெண்டு பேருக்குமா?"ன்னார் சார், பப்ஸைக் கடிச்சுக்கிட்டே.

"பின்னே? கருப்புக்காரன் விலையைக் குறைச்சா செவப்புக்காரனும் குறைப்பான். பொறவு ரெண்டு பேரும் எங்கிட்ட வந்து, நீயும் குறைனு அழுவானுங்க. நான் குறைக்கலீங்க. பட்டறை வாசல்லயே டென்ட் போட்டுப் படுத்துட்டானுங்க. எங்க சந்துப் பால்காரரு ஜப்பான் பாஷை பேசப் பழகிட்டாருன்னாப் பாத்துக்கோங்க."

நான் தலையில கை வெச்சுக்கிட்டேன்.

"அந்த வருசம் கிறிஸ்துமஸுக்கு யாரு பெட்டி முதல்ல கடைக்கு வருதுனு போட்டிங்க. அந்நேரம் பாத்து ஆயுத பூசை. மெஷினுக்குப் பொட்டு வெச்சாச்சு. வெச்ச பொறவு தொட மாட்டோமுங்களே? கருப்புக்காரன் முதலாளியே ப்ளேன்ல வந்து எறங்கிக் கெஞ்சறான். பொரியைத் தின்னுட்டு உக்காருன்னுட்டேன். அங்க அவன் பேக்டரி நின்னு போச்சு. சிப்பு செய்யறவன் லீவு விட்டான். ஸ்க்ரூ செய்யறவன் குடும்பத்தோட ஊட்டிக்குப் போயிட்டான். ஸ்பிரிங்குக்குக் காத்துக்கிட்டு கப்பல் அத்தனையும் நடுக்கடல்ல நின்னுதுங்க. கடல் ஏறிக் கொச்சியில வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சு."

"ஸ்பிரிங்குனால கடல் ஏறுச்சா?"ன்னேன், பொறுக்க முடியாம.

"அத்தனை கப்பலு ஒரே எடத்துல நின்னா வெயிட்டு இருக்குமில்ல?"ன்னு என்னையே மொறைச்சான். "செவப்புக்காரன் வெவரமானவனுங்க. பூசணிக்காயை அவனே தலையில சொமந்துட்டு வந்து ஒடைச்சான். மெஷினு மனசு எறங்கிருச்சு. சுவிட்சு போடாமயே ஓடி, ஒரு கப்பல் ஸ்பிரிங் சுத்திப் போட்டுது. கருப்புக்காரன் அன்னைக்கே கம்பெனியை மூடிட்டான். இப்ப இங்க உக்கடம் பஸ் ஸ்டாண்டுல பானிபூரி போடறான். நல்லாத்தான் போடறான்."

ஜெரால்டு சார் கையைத் தொடைச்சார். "அப்ப நீங்க ஒரு நாள் நிறுத்தினா ஒரு கம்பெனியே மூடிடும்?"

"பின்னே?"

"எங்களுக்கும் போட்டிக் கம்பெனி இருக்குங்க. உங்களை நம்பி நான் எப்படி ஆர்டர் குடுக்கறது? பக்கத்துல வேற ஸ்பிரிங்காரங்க இருக்காங்களா?"

சும்மா சொன்னேன் சார்னு செங்கோட்டுவேலு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவன் தொடையைக் கிள்ளினேன்.

"இருக்காங்களே. எதிர்ச் சந்துல மயிலாத்தா ஸ்பிரிங்ஸ். அந்தம்மாவுக்குக் கம்பி சுத்தச் சொல்லிக் குடுத்ததே நான்தானுங்க. என் பேரைச் சொல்லுங்க, உடனே செஞ்சு குடுப்பாங்க."

சார் கும்பிடு போட்டுட்டு எதிர்ச் சந்துக்குள்ள போனார். அவர் போறதையே பாத்துக்கிட்டிருந்த செங்கோட்டுவேலு எம் பக்கம் திரும்பினான்.

"பாத்தியா மாப்ள, ஸ்பிரிங் வேணும்னா எவனா இருந்தாலும் முதல்ல எங்கிட்டத்தான் வந்து வழி கேக்கறான்."