முள்ளி கேட்ட இரவுப் பங்கு

முள்ளி என்ற முள்ளம்பன்றிக்கு இரண்டு குட்டிகள். இரண்டும் வற்றிப்போன குளத்தின் நடுவில் நின்று தரையை நக்கிப் பார்த்தன.

"அம்மா, மண்ணுதான் வருது!" என்று அழுதன.

அந்தக் கோடை அப்படி! காட்டுக்குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மிச்சம் இருந்தது பாறை இடுக்கில் ஒரே ஒரு சுனை. ஒரு கூட்டம் குடித்தால் அதன் அடி தெரிந்துவிடும். மறுபடி சொட்டுச் சொட்டாக ஊறி நிறைய வெகுநேரம் பிடிக்கும்.

தண்ணீர் குறைந்தால் முறை வைத்துக் குடிப்பது அந்தக் காட்டின் வழக்கம். பொழுதுக்கு ஒரு பேர், பேருக்கு ஒரு முறை. பேர் உள்ள பொழுதில் ஊறுகிற தண்ணீர் ஒரு கூட்டத்துக்குச் சொந்தம். காட்டெருமை சுனையின் வாயில் குறுக்கே படுத்துக் காவல் காக்கும். முறைக்காரர் வந்தால் எழுந்து வழிவிடும். யோசிக்கத்தான் கொஞ்சம் நேரம் எடுக்குமே தவிர, நியாயம் தவறாது.

முறை பிரிக்க எல்லா மிருகங்களும் காலையில் கூடின. இரவில் நடமாடுகிறவர்கள் தூக்கம் சொக்கும் கண்ணோடு ஓரமாக நின்றார்கள். கொண்டையன் என்ற குரங்கு கிளையில் குதித்து ஏறியது.

"பகலுக்கு எத்தனை பொழுது பாருங்க! காலை, முற்பகல், உச்சி, பிற்பகல், சாயங்காலம். அஞ்சு பேர், அஞ்சு முறை! ராத்திரிக்கு என்ன இருக்கு? வெறும் ராத்திரி! கண்ணை மூடினா தொடக்கம், திறந்தா முடிவு. ஒரு பேர், ஒரு முறை. இருட்டினதும் வந்து குடிச்சிட்டுப் போகட்டும்!"

"அப்புறம் ராத்திரி பூரா ஊறுற தண்ணி?" என்று கேட்டது காட்டெருமை.

"அது காலையில நமக்கு!"

பகல் மிருகங்கள் ஆரவாரம் செய்தன. காட்டெருமை வெகுநேரம் அசைபோட்டது. வழக்கப்படி பார்த்தால் கொண்டையன் சொன்னது சரியாகவே பட்டது. சரியென்று தலையாட்டிவிட்டது.

அன்று இருட்டியதும் வௌவால்கள் பறந்து வந்து குடித்தன. மரநாய்கள் தாவி வந்து குடித்தன. குட்டிகளை நடத்திக்கொண்டு முள்ளி வந்து சேர்ந்தபோது, சுனையில் ஈரப் பாறைதான் இருந்தது. சின்னக் குட்டி அதை நக்கிவிட்டு அம்மாவைப் பார்த்தது. நாக்கு சொரசொரவென்று காய்ந்திருந்தது.

'பேர்தானே வேணும்? கொண்டுவர்றேன்!' என்று முள்ளி கிளம்பினாள்.

முதலில் ஆந்தையிடம் போனாள். "அக்கா, ராத்திரிக்கு வேற என்னென்ன பேர் இருக்கு?"

"இரவுன்னு சொல்லு, இரான்னு சொல்லு. ரெண்டும் இருளோட கூடப் பொறந்ததுங்கடி. கங்குல்னும் ஒரு பழைய பேர் உண்டு."

"அல்லுன்னு சொல்லு," என்றது தேவாங்கு. "சின்னப் பேர். என்னை மாதிரி!"

வௌவால் தலைகீழாகத் தொங்கியபடி சிரித்தது. "ராத்திரிங்கிற பேரே வடக்கேயிருந்து வந்து இங்கே தங்கினதுதான். கோயில் கோபுரத்துல தொங்கும்போது காதுல விழுந்துச்சு."

முள்ளி ஒன்றையும் விடாமல் மனசில் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் சுனைக்கரையில் நின்று, மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

"இரவு, இரா, கங்குல், அல், ராத்திரி! எங்களுக்கும் அஞ்சு பேர் இருக்கு!"

கொண்டையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"ஏம்மா, உன் குட்டியை நீ கண்ணுங்கிற, பொன்னுங்கிற, ராசாங்கிற. அதுக்காக அது மூணு குட்டியாயிடுமா? நீ சொன்னது எல்லாம் ஒரே இருட்டுக்கு வச்ச செல்லப் பேரு! சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினா ராத்திரி. இந்தப் பக்கம் ஏறினா பகல். நடுவுல என்ன பிரிவு இருக்கு, காட்டு பார்ப்போம்!"

மான்கள்கூடச் சிரித்துவிட்டன. முள்ளிக்கு முகம் சுருங்கிப்போனது. குரங்கு சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. முள் தரையில் உரச, தலைகுனிந்து நடந்தாள்.

அன்று இரவு குட்டிகளுக்குக் கால் வயிறு தண்ணீர்தான் கிடைத்தது. இரண்டும் அழுது ஓய்ந்து அவள் மேல் சாய்ந்து கிடந்தன. எங்கும் ஓசை அடங்கியிருந்தது. திடீரென்று மூங்கில் புதரிலிருந்து காட்டுச் சேவல் கூவியது.

'இது பகலில் மேய்கிற பறவையாச்சே! இந்த நேரத்தை இதுக்கு யார் சொன்னது?' என்று நினைத்தாள் முள்ளி. நினைத்தவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். அவள் உடம்பில் இருந்த முள்ளெல்லாம் சலசலவென்று சிலிர்த்து நின்றது.

"அம்மா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லடா கண்ணு. நாளைக்கு அம்மா பேசப் போறதில்ல. அவங்களைப் பேச வைக்கப் போறேன்!"

மறுநாள் காலை முள்ளி சிரித்த முகத்தோடு சுனைக்கரைக்கு வந்தாள். இரவில் நடமாடுகிறவர்களும் ஓரமாக ஒதுங்கியிருந்து பார்த்தார்கள்.

"வந்துட்டாங்கப்பா, பேர் விக்கிறவங்க!" என்று கத்தியது கொண்டையன்.

"இல்லண்ணே, இன்னிக்கு வாதாட வரல. உங்களையெல்லாம் நாலு வார்த்தை பாராட்டிட்டுப் போலாம்னு வந்தேன்," என்றாள் முள்ளி. காட்டெருமை பக்கம் திரும்பி, "நான் கேக்குறதை மட்டும் நீங்க கவனிச்சுக்கங்க பெரியவரே," என்று சொல்லிவைத்தாள்.

பிறகு மயிலிடம் போனாள். "இவ்வளவு பெரிய தோகையைத் தூக்கிக்கிட்டு உச்சிக் கிளைக்கு எப்படித்தான் ஏறுறியோ! எப்ப ஏறுவ?"

மயிலுக்குக் கழுத்து நீண்டது. "சூரியன் விழுந்து வானம் செவந்திருக்கும் பாரு, அந்தி! அப்பத்தான் ஏறுவேன். அந்தி கழிஞ்சா கிளை தெரியாதே!"

"மானே, உன் வயிறு எப்பவும் தளதளன்னு இருக்கே, எப்ப மேயுற?"

"முன்னிரவுலதான்! சூடு தணிஞ்சு புல்லு குளுகுளுன்னு இருக்கும். அந்த ருசி உனக்குத் தெரியுமா?"

"சேவலண்ணே, நேத்து எங்களை எழுப்பினது நீங்கதானே? தெரியாம நேரங்கெட்ட நேரத்துல கூவிட்டீங்க போல."

சேவல் கொண்டையைச் சிலுப்பியது. "யாரைப் பார்த்து என்ன சொல்ற! நடுச்சாமத்துல கூவினேன். எங்கப்பா சாமக்கோழி, எங்க தாத்தா சாமக்கோழி. நடுச்சாமம் எதுன்னு தெரியாதவனுக்கு எங்க வீட்டுல இடமே கிடையாது!"

கொண்டையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எல்லோரையும் புகழ்கிறாள், தன்னைப் புகழவில்லையே!

"என்னைக் கேக்கலயா?" என்றது.

"உங்களைக் கேக்காமலா? இலுப்பைப் பூவை உங்களை முந்திக்கிட்டு யாருமே பொறுக்கினதில்லையாமே! அது எப்படிண்ணே?"

கொண்டையன் மார்பைத் தட்டியது. "வைகறைங்கிறது ஒண்ணு இருக்கு, தெரியுமா? பூ உதிர்ந்து பரந்து கிடக்கும். கரிச்சான் குருவி குரல் கொடுக்கும். மரத்தடியில முதல் ஆளு நான்தான்! சூரியன் வர்றதுக்குள்ள வயிறு முட்டத் தின்னுட்டுக் கிளையில ஏறிடுவேன்."

"சூரியன் வர்றதுக்குள்ளவா?"

"பின்னே!"

"அப்ப சூரியன் எந்தப் பக்கம் இருக்கும்ணே?"

"மலைக்கு அந்தப் பக்கம்," என்றது கொண்டையன். சொன்ன பிறகுதான் அதற்கு உறைத்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டது.

முள்ளி காட்டெருமையிடம் திரும்பினாள். "சூரியன் அந்தப் பக்கம் இருந்தா ராத்திரின்னு சொன்னது அவர்தான். அந்தி, முன்னிரவு, நடுச்சாமம், வைகறை. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல. மயில் ஏறுற பொழுதுல பூ உதிராது, மான் மேயுற பொழுதுல சேவல் கூவாது. இதுல ஒரு பேராவது நான் சொன்னேனா பெரியவரே? எல்லாம் பகல்காரங்க வாயால வந்தது!"

"வைகறை பகலோட சேர்ந்தது!" என்று கத்தியது கொண்டையன்.

"அப்ப நேத்து நீ சொன்ன கணக்கு பொய்யா?" என்று கேட்டது காட்டெருமை.

கொண்டையன் கிளையைச் சொறிந்தது.

காட்டெருமை வெகுநேரம் அசைபோட்டது. கடைசியில் அது மெல்ல வாய் திறந்தது.

"ஒண்ணு விட்டுப்போச்சும்மா. நடுச்சாமம் கழிஞ்சு, வைகறைக்கு முன்னால, இந்தப் பாறை சில்லுன்னு ஆகும். எனக்கு முதுகு விறைச்சுப்போகும். அப்பத்தான் நான் ஒரு தடவை புரண்டு படுப்பேன். அது பின்னிரவு."

ஆந்தை கிளை அதிரச் சிரித்தது. பாறை இடுக்கிலிருந்து மரநாய்கள் குதித்து வெளியே வந்தன. தேவாங்கு பகல் வெளிச்சத்தையும் மறந்து இரண்டு கையையும் தூக்கியது.

"அஞ்சு! ராத்திரிக்கும் அஞ்சு!"

"பகலுக்கு அஞ்சு முறை, ராத்திரிக்கு அஞ்சு முறை. இதுதான் தீர்ப்பு!" என்றது காட்டெருமை. சிரித்த மான்களே முதலில் தலையாட்டின. தங்கள் முன்னிரவுக்கு இவ்வளவு மதிப்பு கிடைத்ததில் அவற்றுக்கும் பெருமைதான்.

அந்தி வந்தது. வௌவால்கள் குடித்துவிட்டுப் பறந்தன. சுனை மறுபடி ஊறியது. முன்னிரவு முறை முள்ளிக்கு. அவள் குட்டிகளோடு வந்தபோது காட்டெருமை எழுந்து வழிவிட்டது. சுனை விளிம்பு வரை நிறைந்து தளும்பியது. சின்னக் குட்டி மூக்கு வரை முக்கிக் குடித்துத் தும்மியது. பெரிய குட்டி அதன் முகத்தில் தண்ணீரைத் தெளித்தது. முள்ளி கடைசியாகக் குனிந்து, நிதானமாக, வயிறு குளிரக் குடித்தாள்.

பிறருக்கு உரிய பொழுதை ஒன்றுமில்லை என்று தள்ளுகிறவன், தன் வாய்ச்சொல்லாலேயே தோற்றுப்போவான்.