துடைத்தவளை விரட்டிய பொட்டுக்காரன்

அந்தக் காலத்தில் பேசிக்கொண்டிருந்தது காக்கையும் நரியும் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நம் தலைக்குள் இருக்கும் உயிரணுக்களும் பேசின. அவற்றுக்குள் வேலை பார்க்கும் நொதிகள் அதைவிட அதிகம் பேசின. சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் உண்டு.

தாமிரபரணியில் ஓடம் விட்ட ஆவுடை என்ற பெண்ணின் தலையில் அப்படி ஓர் உயிரணு இருந்தது. ஆற்றின் நடுவே, தண்ணீருக்கு அடியில் ஒரு பாறை. தட்டினால் ஓடம் பிளந்துவிடும். அந்தப் பாறையை எந்தப் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும் என்ற நினைப்பு இந்த உயிரணு வழியாகத்தான் வந்தாக வேண்டும். தகவல் ஓடுவதற்கு உள்ளே நீளமான பாதை இருந்தது. பாதை சரிந்துவிடாமல் வரிசையாகக் கட்டைகள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன.

அங்கே வேலை பார்த்த நொதியின் பெயர் மாயாண்டி. தகவல் வரும்போது வழியில் நிற்கும் கட்டைமேல் ஓர் உப்புப் பொட்டு வைப்பான். பொட்டு விழுந்த கட்டை பிடியைத் தளர்த்தி ஒதுங்கும், தகவல் கடந்து போகும். பின்னாலேயே பேச்சி என்ற நொதி துணியோடு வந்து பொட்டைத் துடைப்பாள். கட்டை மறுபடி பாதையைப் பற்றிக்கொள்ளும்.

மாயாண்டிக்கு இது பொறுக்கவில்லை. பாவம், அவனையும் குறை சொல்ல முடியாது. நாள் முழுக்க உழைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், உழைத்ததற்கு அடையாளமாக ஒன்றும் இருக்காது.

“ஏ பேச்சி, காலைல இருந்து முதுகு ஒடிய வச்ச பொட்டுல ஒண்ணாவது மிச்சம் இருக்கா?” என்று ஒருநாள் கேட்டான்.

“ஒண்ணு இல்ல அண்ணாச்சி. எல்லாத்தையும் தொடச்சாச்சு,” என்றாள் பேச்சி பெருமையாக. அந்தப் பெருமைதான் அவனைச் சுட்டது.

“நான் வழியத் தொறக்கேன், நீ அடைக்க. ஒருத்தன் வேலையக் கெடுக்கதுக்குப் பேரு வேலையா?”

“நான் எங்க அடைக்கேன்? கட்டையப் பிடிக்கச் சொல்லுதேன். பிடிக்கலேன்னா...”

“போதும். இனி இந்தப் பாத பக்கம் ஒன்னயப் பாத்தேன்னா நல்லா இருக்காது.”

பேச்சி ரோஷக்காரி. துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நீங்களே பாத்துக்கிடுங்க,” என்று நடையைக் கட்டினாள்.

முதல் மூன்று நாள் மாயாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. கட்டைகள் எல்லாம் ஒதுங்கியே நின்றன, தகவல் பறந்தது. வைத்த பொட்டெல்லாம் வைத்த இடத்தில் வெள்ளை வெளேரென்று மின்னின. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டான்.

நான்காம் நாள், எட்டுப் பொட்டு ஏறிய ஒரு கட்டை பாதையை அடியோடு விட்டுவிட்டது. உருண்டு போய் இன்னொரு கட்டையைக் கட்டிக்கொண்டது. அந்த இரண்டும் மூன்றாவதை இழுத்தன. பாதை தொய்ந்தது. மாயாண்டி பதறிப் போனான். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். ஓடிப் போய் எல்லாக் கட்டைக்கும் இன்னொரு பொட்டு வைத்தான்!

வெளியே, ஓடத்தை அவிழ்க்காமலே ஆவுடை துடுப்புப் போட்டாள். ஏறியிருந்தவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பிறகு அவிழ்த்துக்கொண்டு கிளம்பினாள். ஓடத்தில் பதினாலு பேர். பாதி ஆற்றில் அவள் கை நின்றுவிட்டது.

“யக்கா, ஏன் சும்மா நிக்கிய?” என்றாள் கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி.

“பாற... எந்தப் பக்கம்னு... இரு, இப்ப வந்துரும்.”

வரவில்லை. தண்ணீர் ஓடத்தைப் பாறைப் பக்கமாக இழுத்தது.

எந்தப் பக்கம் என்ற ஆவுடையின் கேள்வி தொய்ந்த பாதையின் முனையில் வந்து தவித்து நின்றது. அதைப் பார்த்ததும் மாயாண்டிக்குத் தன் பொட்டெல்லாம் விஷமாகத் தெரிந்தது. துடைக்கலாம் என்றால் அவனுக்குத் துடைக்கவே தெரியாது. வீறாப்பையெல்லாம் விட்டுவிட்டு உயிரணுவின் ஓரத்துக்கு ஓடினான். அங்கே பேச்சி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

“பேச்சி, நான் செஞ்சது தப்பு. ஆத்துல பதினாலு பேரு...”

அவன் முடிப்பதற்குள் அவள் எழுந்து ஓடிவிட்டாள். ஒரு சுடுசொல் இல்லை. அரக்கப்பரக்கத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கட்டைகள் ஒவ்வொன்றாகப் பாதையைப் பற்றின. ஆசை ஆசையாக வைத்த பொட்டு ஒவ்வொன்றும் அழியும்போது மாயாண்டி கையெடுத்துக் கும்பிட்டான். பாதை நிமிர்ந்தது. கேள்வி ஓடியது, பதில் வந்தது.

“எடது பக்கம்!” என்று கத்திக்கொண்டு ஆவுடை துடுப்பைத் திருப்பினாள். ஓடம் பாறையில் உரசி, குலுங்கி, தப்பித்துப் போனது. குழந்தைக்காரி அழுதுகொண்டே ஆவுடையின் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை. முறுக்கிக்கொண்ட மூன்று கட்டைகளைப் பேச்சியாலும் பிரிக்க முடியவில்லை. ஆவுடையின் அப்பா ஓடம் விடும்போது முணுமுணுக்கும் ஒரு மெட்டு அதோடு போயிற்று. போனது அவளுக்குத் தெரியாது. மாயாண்டிக்குத் தெரியும்.

“நீ தொடச்சாத்தான் என் பொட்டுக்கே மதிப்பு. இது தெரியாம ஒன்ன வெரட்டுனேனே. நான் இருக்க வர ஒனக்கு நன்றி சொல்லுவேன், பேச்சி,” என்றான்.

“நன்றியெல்லாம் பொறவு சொல்லலாம். அடுத்த கட்டைக்குப் பொட்ட வைங்க அண்ணாச்சி, தகவல் வந்து நிக்கி,” என்றாள் பேச்சி.

அன்று முதல்தான் நம் தலைக்குள் பொட்டு வைக்கும் நொதிக்குப் பின்னாலேயே துடைக்கும் நொதியும் சண்டையில்லாமல் வருகிறது. இருவரும் பிரிந்துபோன தலையில் பாதைகள் சரிகின்றன, பெற்ற பிள்ளையின் முகம்கூட மறந்துபோகிறது. காலையில் கண் விழித்ததும் பக்கத்தில் இருப்பவரை நாம் சரியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோமே, அது அந்த இரண்டு பேர் நமக்குக் கொடுப்பது.