வளைவுகளை வெட்டும் கடிகாரம்

“கடிகாரத்தை எதுல வைக்கறதுன்னு சொல்லுங்க டீச்சர்.”

பரமசிவம் ஓடிக்கொண்டேதான் கேட்டார். கேள்விக்குள் மூச்சு இரண்டு இடத்தில் உடைந்தது.

ரோஸ்லின் டீச்சர் கொண்டை ஊசி வளைவில் திரும்பி மேலே ஏறினார்.

“நொடிக்கு நொடி இடம் பார்க்கற மாதிரி வச்சா, பாதியில செத்துப்போகுது. நிமிஷத்துக்கு ஒருக்கா பார்த்தாப் போதும்னு வச்சா, சாகறதில்லை. ஆனா வளைவையெல்லாம் வெட்டிருது.”

“வெட்டிருதா?”

“வளைவுக்குள்ள நுழையறப்ப ஒரு புள்ளி வைக்குது. நான் சுத்தி மேல வந்தப்புறம் இன்னொரு புள்ளி. ரெண்டுக்கும் நேரா ஒரு கோடு இழுத்துருது. நான் என்னமோ மலைக்குள்ள பூந்து வந்த மாதிரி.”

“பூந்து வந்திருந்தா வெயிலுக்கு முன்னாடி முடிச்சிருக்கலாமேண்ணா.”

பரமசிவத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

நாமக்கல்லில் கோழித்தீவனம் விற்கிறவர் அவர். டீச்சர் அரசுப் பள்ளியில் விளையாட்டுக்கான பி.டி. டீச்சர். அவரைவிட ரொம்ப இளையவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு கொல்லிமலைப் பாதையில் ஓடுவார். அதற்குப் பெயர் பயிற்சி. இன்றைக்கு இவர்கள் இருவர் மட்டும்.

வடக்கே பனிமலையில் ஒரு ஓட்டம் இருந்தது. அதில் சேர, ஐம்பது கிலோமீட்டர் மலையில் ஓடி, ஓடிய பாதைக்குக் கைக்கடிகாரம் போட்ட கோட்டை அறுபடாமல் அனுப்ப வேண்டும். இன்றைக்குக் கடைசி நாள். அடுத்த வருஷம் பரமசிவத்துக்கு ஐம்பது வயது ஆகிவிடும். ஐம்பது ஆனவர்களை அங்கே புதிதாகச் சேர்ப்பதில்லை.

இரண்டு முறை முயன்றாயிற்று. முதல் முறை கடிகாரம் இறக்கத்தில் அணைந்துவிட்டது. இரண்டாம் முறை அது கடைசிவரை விழித்திருந்தது. ஆனால் வளைவுகளைத் தின்றுவிட்டது. தூரம் போதாது என்று ஒரே வரியில் பதில் வந்தது.

“ரெண்டு தடவையும் நான் முழுசா ஓடினேன் டீச்சர்.”

“நானும் கூடத்தானே ஓடினேன்.”

“அதை யார் நம்பறா?”

டீச்சர் தோளைக் குலுக்கினார். பரமசிவம் விடவில்லை.

“பவர் பேங்க்கைக் கட்டிக்கிட்டு ஓடலாம்னா, வயரைச் சொருகினதும் பதிவு நின்னுருது. நடுவுல மாத்தி வைக்கலாம்னா கோடு ரெண்டாயிருது. எந்தப் பக்கம் போனாலும் கதவைச் சாத்தி வச்சிருக்கான்.”

“இப்ப எதுல வச்சிருக்கீங்க?”

“நொடிக்கு நொடி.”

“அதுலயே இருக்கட்டும்.”

“செத்துருமே.”

டீச்சர் கொஞ்சம் வேகத்தைக் கூட்டினார். பரமசிவம் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார். சார்ஜ் எண் பளிச்சென்று எரிந்தது. அடுத்த வளைவில் மறுபடி பார்த்தார். ஒன்று குறைந்திருந்தது. குறைந்துதான் விட்டதா என்று உறுதிப்படுத்த இன்னொரு முறை பார்த்தார்.

“உங்களுதுல எவ்வளவு நிக்குது?”

“தெரியாதுங்கண்ணா.”

“பார்த்துச் சொல்லுங்க.”

“வீட்டுக்குப் போய்த்தான் பார்ப்பேன்.”

“நடுவுல நின்னுபோயிருந்தா?”

“அப்பத் தெரிஞ்சுக்குவேன்.”

இது ஒரு பதிலா என்று பரமசிவம் நினைத்தார். இந்த டீச்சரிடம் எதைக் கேட்டாலும் இப்படித்தான். ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றதற்கு, ஒரு அட்டை முட்டையைக் கையில் கொடுத்துப் பள்ளிக்கூட மாடிப்படி ஏறச் சொன்னார். சில முட்டைகள் உடைந்தன. மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆம்லெட் போடச் சொன்னார். எதற்கு ஏறச் சொன்னார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

மேலே பேருந்து நிற்கும் இடத்தில் வந்து நின்றார்கள். அன்னாசித் துண்டில் மிளகாய்ப்பொடி தூவித் தந்தாள் ஒரு பெண். டீச்சர் வாங்கித் தின்றார். பரமசிவம் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பாதி ஓட்டம்தான் ஆகியிருந்தது. சார்ஜ் பாதிக்கும் கீழே போயிருந்தது.

“மொதத் தடவை இதே இடத்துல இதைவிட இருந்துச்சு டீச்சர். அதே கடிகாரம். அதே மோடு. எப்படிக் குறையும்?”

“பார்க்கறப்பல்லாம் விளக்கு எரியுதில்லீங்களா?”

“எரிஞ்சாத்தானே எவ்வளவு இருக்குன்னு தெரியும்?”

டீச்சர் கையை உதறிக்கொண்டார். கழுத்தில் சுற்றியிருந்த கைக்குட்டையை அவிழ்த்தார். பரமசிவத்தின் இடது கையை இழுத்து, கடிகாரத்தின் மேல் அதைச் சுற்றி, உள்பக்கம் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார்.

“கையத் தூக்கினா துணிக்குள்ளயும் எரியும் டீச்சர்.”

“தூக்காதீங்க.”

இறங்கினார்கள்.

பரமசிவம் தூக்க நினைக்கவில்லை. கை தானே தூக்கிக்கொண்டது. துணிக்குள் ஏதோ நீலமாக மினுங்கியது. எண் தெரியவில்லை. கையைக் கீழே போட்டார். அது மறுபடி மேலே வந்தது. கடைசியில் கால்சட்டையின் ஓரத்தை அந்தக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, நொண்டி ஓடுகிறவர் மாதிரி ஓடினார்.

“எவ்வளவு வந்திருப்போம் டீச்சர்?”

“இது வரைக்கும்.”

“கிலோமீட்டர் கேட்டேன்.”

“அதான் தெரியுது.”

இரண்டு வளைவு இறங்கினார். மூன்றாவதில் வாய் பொறுக்கவில்லை.

“முன்னாடி ஓடற உங்களுக்கு என்ன, ஏற்கெனவே அந்தப் பனிமலைக்குப் போய்ட்டு வந்தாச்சு.”

“போகலை. சேர்த்துக்கலை.”

பரமசிவத்துக்கு இது தெரியாது. ஏன் என்று கேட்க வாய் திறந்தார்.

கடிகாரம் அதிர்ந்தது.

அவர் அப்படியே நின்றார். ஒரு கிலோமீட்டர் முடிந்தாலும் அது அதிரும். சாகப்போகும்போதும் அதிரும். இரண்டு அதிர்வும் கைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். செத்திருந்தால் அவரால் செய்ய ஒன்றுமில்லை. உயிரோடு இருந்தாலும் செய்ய ஒன்றுமில்லை. ஆனாலும் தெரிந்தாக வேண்டும்.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். “என்னங்கண்ணா?”

“அதிர்ந்துச்சு.”

“சரி.”

“எதுக்குன்னு தெரியலை.”

“எனக்கும் தெரியலை.”

டீச்சர் வளைவைச் சுற்றி மறைந்தார். காலடிச் சத்தம் மட்டும் கீழே இறங்கிக்கொண்டே போனது.

பரமசிவம் முடிச்சைப் பல்லில் கடித்தார். வியர்வையில் ஊறிய துணி உப்புக் கரித்தது. முடிச்சு லேசில் விடவில்லை. தலையைச் சாய்த்து இழுத்தார். ஒரு சுற்று இளகியது. இன்னும் ஒரு இழுப்பு.

சாய்ந்த தலைக்கு நேரே, வளைவின் நடுவில், ஒரு கல் கிடந்தது. ஏற முடியாமல் நின்ற ஏதோ ஒரு லாரிக்குச் சக்கரத்தடியில் வைத்த கல். லாரி போய்விட்டது. கல்லை எடுத்துப் போடவில்லை.

மேல் வளைவில் ஒரு பைக் இறங்கி வரும் சத்தம். மரங்களுக்கிடையே தெரிந்தது. ஒரு ஆள், பின்னால் ஒரு பெண், நடுவே குழந்தை, முன்னால் பலாப்பழ மூட்டை. வளைவைத் திரும்பாமல் அவனுக்குக் கல் தெரியாது.

பரமசிவம் முடிச்சை விட்டார். கல் ஒரு கைக்கு அசையவில்லை. உட்கார்ந்து இரண்டு கையாலும் அணைத்துப் புரட்டினார். ஒருமுறை புரண்டு நின்றது. தோளைக் கொடுத்துத் தள்ளினார். துணி விலகி, மணிக்கட்டில் ஒரு எண் எரிந்து, கொஞ்ச நேரம் நின்று, அணைந்தது. அவர் கண் கல்லின் மேலேயே இருந்தது. ஓரச்சுவரில் போய் முட்டும்வரை அதைத் தள்ளினார்.

பைக் வளைந்து இறங்கிப் போனது. அந்தப் பெண் குழந்தையிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டு போனாள்.

பரமசிவம் உள்ளங்கை மண்ணைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, டீச்சர் போன பக்கம் ஓடினார்.