சத்தம் போடாத கருவி

கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஓட்டல். அதன் வரவேற்பறையில் இருந்த மீன்தொட்டியைப் பராமரிப்பது மரகதவல்லியின் வேலை. தொட்டியில் வைத்த செடிகளெல்லாம் அழுகிப்போயின. கரியமில வாயு கொடுத்தால் வளரும் என்று யாரோ சொல்ல, முதலாளி நாச்சிமுத்து அவளைக் கூப்பிட்டார்.

"சிலிண்டர் வெச்சா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். ஈஸ்ட்டும் சர்க்கரையும் கலந்து கேஸ் உண்டாக்கற பாட்டில் நாறும். பார்க்க அழகா, சத்தம் போடாத, கேஸ் தீராத கருவியாப் பார்த்து வை. முடியலைன்னா நாளையிலிருந்து வராதே."

"வெச்சுடறேனுங்க" என்றாள்.

அழுகிய செடிகளை எடுத்துவிட்டு, மெதுவாக வளரும் பாசியையும் நீர்ப்பெரணியையும் மரக்கட்டையில் கட்டிவைத்தாள். விளக்கின் வெளிச்சத்தையும் குறைத்தாள். சில மாதங்களில் தொட்டி பச்சைப்பசேலென்று ஆனது.

நாச்சிமுத்து விருந்தாளிகளை அழைத்துவந்தார். "எல்லாம் நான் வைக்கச் சொன்ன கருவி. எங்கே, காட்டு மரகதம்."

"அதோ, நீந்திட்டிருக்குதுங்க" என்று மீன்களைக் காட்டினாள். "அதுங்க விடற மூச்சே, மெதுவா வளர்ற இந்தச் செடிகளுக்குப் போதுமுங்க. கருவிக்குத் தீனி போடத்தான் ஓர் ஆள் வேணுமுங்க."

விருந்தாளிகள் சிரித்தார்கள். நாச்சிமுத்துவின் முகம் சிவந்தது. பிறகு அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அந்த ஆள் நீயேதான், போ" என்றார்.