பெயர் சொல்லாமல் ஒரு மோதிரம்

மருதவேலி நாட்டை மகுடேஸ்வர பூபதி ஆண்ட காலத்தில் பத்திரிகை கிடையாது, சுவரொட்டி கிடையாது. ஏகாம்பரம் இருந்தார். அது போதும்.

ஒற்றைத் தமுக்கோடு சந்தைக்கு வந்த ஆள் அவர். எண்ணெய் வியாபாரி, மாட்டுத் தரகர் என்று யார் சரக்காக இருந்தாலும் நாலு வரி பாட்டுக் கட்டி, தமுக்கடித்துச் சொல்லுவார். ஒரு முறுக்குக் கடைக்கு, "பல் உள்ளவர்கள் மட்டும் வரவும்" என்று அறிவித்தார். பொக்கை வாய்க்காரர்கள்தான் முதலில் வந்து நின்றார்கள். ரோஷம் யாரை விட்டது!

கொஞ்ச காலத்தில் ஏகாம்பரத்திடம் நூறு தமுக்கு, அதற்கு நூறு தொண்டை. அரசவையிலும் ஓர் ஆசனம். ஆனால் ஒரு வழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. தான் தின்று பார்க்காத முறுக்குக்கும், தேய்த்துப் பார்க்காத எண்ணெய்க்கும் தமுக்கைத் தொடமாட்டார். அந்த முறுக்கில் அவருடைய கடைவாய்ப் பல் ஒன்று போனது தனிக் கதை.

வந்த வருமானத்தில் ஆற்றங்கரையில் ஒரு பிரசவ வைத்தியசாலை கட்டினார். கட்டி ஏழு வருஷம் ஆகியும் பெயர்ப்பலகை இல்லை. கல்வெட்டு இல்லை. அதற்காக ஒரு தடவைகூடத் தமுக்கு அடித்ததில்லை.

ஒரு நாள் ராஜாவின் பல்லக்கு அந்த வழியாகப் போயிற்று. போகிறவர்கள் எல்லாரும் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"யார் கட்டியது?" என்றார் ராஜா.

"ஏகாம்பரம் ஐயா!" என்றார்கள் பல்லக்குத் தூக்கிகள் ஒரே குரலில்.

"பெயரே எழுதவில்லையே?"

"அதனாலதான் மகாராஜா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. அவரும்தான் அன்னசத்திரம் நடத்துகிறார். தூணுக்குத் தூண் அவர் பெயர். அகப்பையில்கூட அவர் பெயர். அங்கே இலை போட்டதும் ராஜாவின் முப்பத்திரண்டு பட்டங்களையும் ஒருவர் நின்று வாசிப்பார். வாசித்து முடித்த பிறகே சோற்றில் கை வைக்கலாம். ரசம் ஆறிப்போகும். எவனும் அந்தச் சத்திரத்தைக் கும்பிட்டதில்லை.

மறுநாள் சபையில் ஏகாம்பரத்தை அழைத்தார்.

"ஏகாம்பரம், நான் புகழை விரும்பாமல் கொடுப்பவன். தெரியுமா?"

"இப்போதுதான் தெரிந்தது மகாராஜா."

"நாடு முழுவதும் தெரிய வேண்டும். நூறு தமுக்கையும் எடு. எட்டு நாள் தருகிறேன். ஒரு குடிமகன்கூட நம்பாமல் இருக்கக் கூடாது. முடியாவிட்டால் உன் வைத்தியசாலை அரண்மனைக்குச் சொந்தம். சத்திரத்து வழக்கமே அங்கும் நடக்கும்."

ஏகாம்பரம் அதை நினைத்துப் பார்த்தார். முப்பத்திரண்டு பட்டங்களும் வாசித்து முடியும்வரை மருத்துவச்சி கையைக் கட்டிக்கொண்டு நிற்பாளா? பிள்ளைதான் காத்திருக்குமா? தன் மனைவியைப் பிரசவத்தில் பறிகொடுத்த மனிதர் அவர். மருத்துவச்சி அரை நாழிகை தாமதித்ததால் போன உயிர் அது.

ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் கும்பிட்டார்.

"அடித்துவிடலாம் மகாராஜா. என் தொழில் வழக்கம் ஒன்றே ஒன்று. சரக்கை முதலில் நான் பார்க்க வேண்டும். தாங்கள் பெயர் சொல்லாமல் ஒரே ஒரு தடவை கொடுப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், அந்த நிமிஷமே தமுக்கு கிளம்பும். பெயரைத் தாங்களே சொல்லிவிட்டால், அந்த வைத்தியசாலைப் பக்கம் அரண்மனை திரும்பக் கூடாது."

"இவ்வளவுதானா!" என்று ராஜா தொடையைத் தட்டினார். "எங்கே கொடுக்கவேண்டும்?"

"வேறெங்கே? வைத்தியசாலையிலேயே கொடுங்கள்."

மறுநாள் காலை, ராஜா ஜவுளி வியாபாரி வேஷத்தில் வந்தார். அங்கே செங்கமலம் என்ற ஓடக்காரர் மனைவி, முந்தின நாள் பிறந்த ஆண்பிள்ளையோடு படுத்திருந்தாள். ராஜா விரலிலிருந்த வைர மோதிரத்தைக் கழற்றி அவள் கையில் வைத்தார். ஏகாம்பரம் வாசலில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செங்கமலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "யாரு பெத்த மகராசனோ! உங்க பேரச் சொல்லிட்டுப் போங்க சாமி. புள்ளைக்கு அதையே வச்சிடறேன்."

ராஜாவின் தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினார். "பேர்... பேரெல்லாம் வேண்டாம் அம்மா."

மீசை துடித்தது. நெற்றி வியர்த்தது. திரும்பி நடந்தார். இன்னும் நாலு எட்டு வைத்தால் ஜெயித்துவிடுவார்.

"ஓ, பேரு சொல்ல மாட்டீங்களா? அப்ப புரிஞ்சுபோச்சு!" என்றாள் செங்கமலம். "நீங்க ஏகாம்பரம் ஐயா அனுப்பின ஆளு. இந்த ஊருல பேரு சொல்லாமக் குடுக்கறது அவரு ஒருத்தர்தானே. சரி, புள்ளைக்கு ஏகாம்பரம்னே வச்சிடறேன்!"

அவ்வளவுதான். தலைப்பாகை ஒரு பக்கம் பறந்தது, ஒட்டுத்தாடி ஒரு பக்கம் பறந்தது.

"என் மோதிரம்! நான் கொடுத்தது! எட்டுத் திக்கும் கொடி நாட்டிய, ஏழைகள் துயர் துடைத்த, வள்ளல்களுக்கெல்லாம் வள்ளலான..." என்று ஆரம்பித்து, முப்பத்திரண்டு பட்டங்களையும் ஒன்று விடாமல் சொல்லி, "மகுடேஸ்வர பூபதி!" என்று முடித்தார். பத்தொன்பதாவது பட்டத்திலேயே பிள்ளை வீரிட்டு அழ ஆரம்பித்திருந்தது.

ஏகாம்பரம் கும்பிட்டார். "மகாராஜா, வைத்தியசாலை பிழைத்தது."

ராஜா அசடு வழிந்தார். "நீ மட்டும் எப்படி ஐயா ஏழு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாய்?"

"கஷ்டம்தான் மகாராஜா. ஊர் பேசும்போது எனக்கும் காது குளிரத்தான் செய்யும், பொய் சொல்லமாட்டேன். என் தொழிலிலேயே செலவு அதிகமான விளம்பரம் இதுதான்."

ராஜாவுக்கு மனசு ஆறவில்லை. செங்கமலத்திடம் திரும்பினார். "கொடுத்தது யார் என்று தெரிந்துவிட்டதல்லவா? இனி பிள்ளைக்கு என் பெயர்தானே?"

செங்கமலம் பிள்ளையைத் தட்டிக்கொண்டே யோசித்தாள்.

"ஏகாம்பரம்னே இருக்கட்டும் மகாராஜா. எங்க வீடு ஆத்தங்கரையில இருக்கு. உங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள புள்ள தண்ணியில எறங்கிடுவான்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மோதிரத்தை அவர் திருப்பிக் கேட்கவில்லை.