கீரி மாற்றிய பெரிய சக்கரம்

மரத்தைவிடப் பாறை அதிகமாக இருந்த ஒரு காட்டில், விலங்குகள் எல்லாம் சைக்கிளில்தான் போய்வந்தன. சிரிக்காதீர்கள். அவை தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள்கள். கியர் கிடையாது. குலுக்கலைத் தாங்க முன்னால் ஸ்பிரிங்கும் கிடையாது. மேடோ பள்ளமோ, எல்லாவற்றையும் ஒரே மிதியில்தான் சமாளிக்க வேண்டும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கோடை வந்ததும் விலங்குகள் தங்கள் குட்டிகளையெல்லாம் உச்சிப்பாறைக் குகையில் கொண்டுபோய் விட்டுவிடும். மேலே குளிர்ச்சியாக இருக்கும். வரையாடு அவற்றைப் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் கோடையில்தானே அடிவாரத்துக் காய்ந்த புல்லில் தீயும் பிடிக்கும்? குகையின் வாசலோ மலைக்கு மறுபக்கம். புகை அங்கே தெரிவதற்குள் தீ பாறையைச் சுற்றிவிடும். அதனால் அடிவாரத்தில் ஒரு தீக்காவலர் உண்டு. புகையைக் கண்டதும் அவர் பன்னிரண்டு வளைவும் ஏறிப் போய்க் குகை வாசலில் தொங்கும் மணியை அடிக்க வேண்டும். மணி கேட்டதும் வரையாடு குட்டிகளைப் பின்வழியாக ஓடைக்கு இறக்கிவிடும்.

அந்தக் காவல் வேலை கீரியுடையது. அதன் இரண்டு குட்டிகளும் மேலேதான் இருந்தன. கீரியின் வண்டிக்கு இருபத்தாறு அங்குலச் சக்கரம். அதில் பல்லைக் கடித்து மிதித்தால் பன்னிரண்டு வளைவும் ஏறிவிடலாம். ஏறி முடிக்கும்போது காலில் பலம் கொஞ்சமும் மிச்சமிருக்காது.

ஒருநாள் மரநாய் பளபளவென்று ஒரு வண்டியை உருட்டிக்கொண்டு வந்தது. இருபத்தொன்பது அங்குலச் சக்கரம்!

முந்தின நாள்தான் அது அந்த வண்டியோடு மலையேறப் பார்த்து, ஐந்தாவது வளைவில் மூச்சு முட்டித் திரும்பியிருந்தது. அதை மரநாய் யாரிடமும் மூச்சு விடவில்லை. எப்படியாவது வண்டியை யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும் என்று கீரியைத் தேடி வந்திருந்தது.

"என்ன கீரி, இன்னும் அந்தச் சின்னச் சக்கரத்தையா உருட்டிட்டு இருக்கே?" என்றது மரநாய்.

"இதுக்கு என்ன குறைச்சல்?" என்றது கீரி.

"வா, அளந்து பாப்போம். பெடல் ஒரே ஒரு சுத்து. எது தூரம் போகுதுன்னு பாரு."

மரநாய் அளக்கக் கூட்டிப்போன இடம் எது தெரியுமா? வற்றிக் கிடந்த ஏரி. தட்டைப்போலச் சமமான தரை.

கீரி ஒரு சுற்று மிதித்தது. வண்டி ஒரு கோரைப்புல் புதர்வரை போய் நின்றது. மரநாய் ஒரு சுற்று மிதித்தது. அதன் வண்டி புதரைத் தாண்டி, இன்னும் ஒரு வால் நீளம் போய் நின்றது.

கீரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னது! ஒவ்வொரு மிதிக்கும் ஒரு வால் நீளமா? அப்படின்னா இத்தனை வருஷமா நான் வீணா மிதிச்சிருக்கேனா?"

"அதை ஏன் கேக்கிறே!" என்று உச்சுக்கொட்டியது மரநாய். "போனாப் போகுது. காவல் காக்கிறவன் நீ. உனக்காக மாத்திக்கிறேன். இதை நீ வச்சுக்கோ, உன்னுதை எனக்குக் கொடு."

கீரி அந்த நிமிடமே மாற்றிக்கொண்டு, நேராக சைக்கிள் கடை முள்ளம்பன்றியிடம் போய்ப் பெருமையடித்தது.

முள்ளம்பன்றி சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தது. "நல்ல சக்கரம்தான். வேரு, கல்லு எல்லாத்துலயும் உருண்டு ஏறிடும். ஆனா சக்கரம் பெருசானா மிதி கனக்கும். பின்னாடி ரெண்டு பல்லு கூடுதலா இருக்கிற ஃப்ரீவீலை, அதான் பின்சக்கரத்துப் பல்சக்கரத்தை, போட்டுத் தரேன். உன் பழைய வண்டி மாதிரியே ஏறலாம்."

"அப்போ ஒரு மிதிக்கு எவ்வளவு தூரம் போகும் அண்ணே?"

"உன் பழைய வண்டி போற அளவுதான்."

"அதுக்கா நான் பெரிய சக்கரம் வாங்கினேன்?" என்று கீரி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"சரி, ஒரே ஒரு தடவை மேட்டுல ஏத்திப் பாத்துட்டாவது போ."

"அதெல்லாம் அளந்தாச்சு அண்ணே!"

அளந்தாச்சாம்! எங்கே அளந்தது? ஏரியில். ஏற வேண்டியது எங்கே? மலையில். இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நான்காம் நாள் உச்சி வெயிலில் அடிவாரத்துப் புல்லிலிருந்து புகை எழும்பியது.

கீரி துள்ளி ஏறி மிதித்தது. முதல் வளைவு போனது. இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது வளைவில் பெடல் பாதிச் சுற்றில் நின்றுவிட்டது. கீரி எழுந்து நின்று, உடம்பை முழுக்க அதன்மேல் போட்டது. பெடல் அசையவில்லை. வண்டி பின்னால் சரிந்து கீரியைப் புழுதியில் தள்ளியது.

மறுபடி ஏறியது. மறுபடி விழுந்தது. கீழே புல் சடசடவென்று எரியும் சத்தம் கேட்டது. ஓடிப் பார்க்கலாமென்றால், இருந்த பலமெல்லாம் அந்தப் பெடலிலேயே போயிருந்தது.

மரநாயும் புகையைப் பார்த்தது. இந்நேரம் மணி அடித்திருக்குமே என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. மணிச் சத்தம் கேட்கவில்லை. கீரியிடம் வாங்கிய வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறி வந்தது.

ஐந்தாவது வளைவில் கீரி முழங்கால் தேய்ந்து கிடப்பதைக் கண்டு மரநாய் அலறியது.

"ஐயோ! நீ இன்னும் இங்கேயா இருக்கே? மேலே என் மூணு பிள்ளைங்களும் இருக்குடா!"

"என் பிள்ளைங்களும்தான் இருக்கு!" என்று கதறியது கீரி. "மிதி இறங்கவே மாட்டேங்குது. இது ஏறாதுன்னு உனக்குத் தெரியுமா?"

மரநாய் அந்தப் பெரிய சக்கரத்தையே பார்த்தது.

"சொல்லு! தெரியுமா?"

"தெரியும்" என்றது மரநாய். "இதே வளைவுலதான் நானும் நின்னேன்."

கீரியின் கண்முன்னே அந்த ஏரியும் கோரைப்புல் புதரும் வந்து போயின.

"அப்புறமா என்னைக் கொல்லு" என்று மரநாய் சின்னச் சக்கர வண்டியை அதன் கையில் திணித்தது. "எனக்கு இந்த மலையில ஏறிப் பழக்கமில்ல. நீ போ! பின்னாலேர்ந்து நான் தள்ளுறேன்!"

கீரி பழைய பெடலில் கால் வைத்தது. பெடல் இறங்கியது. மரநாய் பின்னாலிருந்து தள்ள, கீரி அழுதுகொண்டே ஏழு வளைவையும் ஏறியது. குகை வாசலில் வண்டியோடு விழுந்து, மணிக்கயிற்றைப் பல்லால் பற்றி இழுத்தது.

வரையாடு ஒரு நொடி தாமதிக்கவில்லை. குட்டிகளைப் பின்வழியில் விரட்டியது. அதற்குள் புகை குகைக்குள் வந்துவிட்டது; தீயும் பின்வழியின் ஓரத்தைப் பிடித்திருந்தது. கரடிக்குட்டிகள் இருமிக்கொண்டே இறங்கின. கீரிக்குட்டிகள் இரண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கின. கீரியும் மரநாயும் கூடவே ஓட, எல்லாம் ஓடைத் தண்ணீரில் போய் விழுந்தன.

கடைசியாக வந்தது மரநாயின் கடைக்குட்டி. அதன் வால் கருகி, முடியில்லாமல் கயிறுபோலத் தொங்கியது. அது தண்ணீரில் வாலை நனைத்தபடி அப்பாவை நிமிர்ந்து பார்த்தது.

"ஏம்ப்பா இன்னிக்கு மணி இவ்வளவு லேட்டா அடிச்சுது?"

மரநாய் கீரியைப் பார்த்தது. கீரி தரையைப் பார்த்தது.

நீதி: எந்த வேலைக்காக ஒரு பொருளோ, அந்த வேலையில் வைத்தே அதை அளக்க வேண்டும்; வேறெங்கோ வைத்து அளந்தவனும் அழுவான், அளக்கச் சொன்னவனும் அழுவான்.