உலகம்மாள் அடுக்கிய புத்தகங்கள்

"சாமி, வீட்டுல ஒரு அறையைப் பூட்டி வைக்கலாம்னு இருக்கேன். தப்பா?"

கேட்டவர் குற்றாலிங்கம். நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் சிற்றாற்றங்கரைத் தோப்புக்கு வந்து உமாபதி சாமியிடம் பாடம் கேட்பார். சாமி அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவர். இருவருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாருக்குப் பயந்து பூட்டறீங்க?"

"என் வீட்டுக்காரிக்கு."

மூவாயிரம் புத்தகங்கள். ஓய்வு பெற்ற மறுநாளே குற்றாலிங்கம் அடுக்க உட்கார்ந்துவிட்டார். சரித்திரம் ஒரு அலமாரி, வைத்தியம் ஒரு அலமாரி, சமயம் இரண்டு. ஒவ்வொன்றின் முதுகிலும் எண் எழுதி ஒட்டினார். முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. அந்த நிம்மதியில் காசிக்குப் போனார். அவர் போன நாலாம் நாள் பெருமழை பிடித்துக்கொண்டது. புத்தக அறையின் மச்சு ஒழுகியது.

"அவ ஒருத்தியா எல்லாத்தையும் அள்ளி நடு வீட்டுல போட்டிருக்கா. மழை விட்டதும் திரும்ப அடுக்கியிருக்கா."

"எத்தனை புஸ்தகம் நனைஞ்சுது?"

"ஒண்ணுகூட நனையலை. ஆனா ஒண்ணுகூட இடத்துல இல்லை."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"நான் கேக்கலை. பேசறதை நிறுத்தி இன்னையோட பதினோரு நாள்."

சாமி கீரையைத் தட்டோடு நிழலில் வைத்தார். கையைக் கழுவினார்.

"வாங்க, போவோம்."

குற்றாலிங்கத்தின் வீட்டில் அவர் மனைவி உலகம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அறைக்குள் வராமல் நிலைப்படி ஓரமாக நின்றாள்.

சாமி அலமாரிகளைப் பார்த்தார். ஹோமியோபதிப் புத்தகத்தை ஒட்டி ஒரு துப்பறியும் நாவல். அதற்குப் பக்கத்தில் தேவி மகாத்மியம்.

"பாத்தீங்களா?" என்றார் குற்றாலிங்கம்.

சாமி உலகம்மாள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இதை எப்படி அடுக்குனீங்க?"

"நம்பர் பாத்துதான் வைக்கணும்னு இருந்தேன் சாமி. மழைக் காத்துல பசை விட்டு எல்லாச் சீட்டும் உதுந்துட்டு. அதான், எனக்குத் தெரிஞ்ச மாதிரி வச்சேன்."

"தெரிஞ்ச மாதிரின்னா?"

"இவுக படிச்ச மாதிரி."

உலகம்மாள் மெதுவாக உள்ளே வந்தாள். மேல் தட்டைத் தொட்டாள்.

"இது சங்கரன்கோவில் ஆபீஸுக்குப் போய்வந்த வருஷம். பஸ்ஸுல படிச்சது. அதான் எல்லாம் பை கொள்ற அளவுக்குச் சின்னப் புஸ்தகம்."

அடுத்த தட்டு.

"இது எங்க அத்தை, இவுக அம்மா, விழுந்து படுக்கையில கிடந்தப்ப. வைத்தியம் பாத்தாக, சாமி புஸ்தகம் பாத்தாக. இந்தத் துப்பறியற கதை, அத்தைக்குத் தூக்கம் வராதப்ப வாசிச்சுக் காட்டுனது. திருடன் யாருன்னு தெரியறதுக்கு முன்னாலயே அத்தை போய்ட்டாக."

குற்றாலிங்கம் அந்த நாவலை எடுத்துப் பார்த்தார். கடைசி முப்பது பக்கம் இன்னும் பிரிக்காமல் ஒன்றோடொன்று ஒட்டியே இருந்தது.

"இந்த வரிசை?" என்று கேட்டார் சாமி.

"கோவப்பட்டுப் பாதியில மூடுனது. அது கொஞ்சம் ஜாஸ்தி சாமி."

சாமி சிரித்துவிட்டார். குற்றாலிங்கத்துக்கும் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டார்.

அதற்குக் கீழே ஒரு தட்டு முழுவதற்கும் ஒரே ஒரு புத்தகம். தென்னை சாகுபடி பற்றியது.

சாமி அதைப் பார்த்தார். உலகம்மாளே சொன்னாள்.

"எங்க சின்ன மகன் தவறிப்போன வருஷம். வருஷம் பூரா இது ஒண்ணுதான் கையில இருந்துச்சு. காலையில எடுத்துக்கிட்டு உக்காருவாக. ஒரு பக்கம் திரும்புனது கிடையாது."



குற்றாலிங்கம் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். பதினோரு நாளில் முதல் தடவையாக மனைவியைப் பார்த்துப் பேசினார்.

"இதெல்லாம் நீ எப்பப் பாத்தே?"

"எப்பன்னா? கண்ணு முன்னாலதானே இருந்தீங்க."

அந்தப் புத்தகத்தை எந்தக் கடையில் வாங்கினோம் என்பது குற்றாலிங்கத்துக்கு நினைவிருந்தது. எந்த எண் ஒட்டினோம் என்பதும் நினைவிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மட்டும் நினைவில் இல்லை. அவள் சொல்லித்தான் தெரிந்தது.

சாமி திரும்பினார். உலகம்மாளுக்கு நேராக நின்று இரண்டு கைகளையும் கூப்பினார்.

அவள் பதறிப்போனாள். "என்ன சாமி, நீங்க போய் எனக்கு..."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் அம்மா. இவர் உங்களுக்கு வாசிச்சுக் காட்டுனது எல்லாம் எந்தத் தட்டு?"

உலகம்மாள் தயங்கவில்லை. ஜன்னலை ஒட்டிய அலமாரிக்குப் போனாள். கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு தட்டைக் காட்டினாள். தூசி தட்டித் துடைத்து, செய்தித்தாள் விரித்திருந்தது.

"இங்க ஒண்ணும் இல்லையே?" என்றார் சாமி.

"இல்லைதான். இடம் விட்டு வச்சிருக்கேன்."

அவள் குரலில் குறை ஏதும் இல்லை. வாடகைக்கு வருகிறவர்களுக்கு வீட்டைக் காட்டுவதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

குற்றாலிங்கம் அலமாரி அலமாரியாக நடந்தார். எதையோ எடுத்தார், வைத்தார், வேறொன்றை எடுத்தார். கடைசியில் ஒன்றோடு வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்தார்.

"உலகு, இப்படி உக்காரு."

"இருங்க," என்றாள் அவள். "அடுப்பை அணைச்சிட்டு வாறேன்."